வாள் வந்தது, வீரர்கள் வரவில்லை

கரடிமலை உச்சிக் கோட்டையில், சபை நடுவே மந்திரி சொக்கப்பர் மீசையை முறுக்கினார்.

"மகாராஜா, குடிகள் சுருட்டுப் பிடிக்கப் பிடிக்க நாடு செழிக்கிறது. புகையிலை வரியில்தான் நம் படைக்கே புது வாள் வாங்கினேன்!"

குதிரை லாயத்துக்குப் புல் சுமந்துவந்த செங்காயி வாசலில் நின்று களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னடி சிரிப்பு?"

"நாடு செழிக்கலை சாமி, இருமுது."

மந்திரிக்கு மூக்கு சிவந்தது. "அதை இன்றைக்குள் நிரூபி. இல்லையென்றால் உனக்குச் சிறைதான்!"

"அதுக்கென்ன, எதிரி வந்துட்டான்னு ஒரு தடவை முரசடிக்கச் சொல்லுங்க" என்றவள் விறுவிறுவென்று மலையிறங்கிப் போனாள்.

ராஜா தலையசைக்க, முரசு முழங்கியது. அடிவாரத்திலிருந்து இருபது வீரர்கள் புது வாளோடு படியேறி ஓடிவந்தார்கள். நூறாம் படியில் ஒருவன் இருமினான். நூற்றைம்பதில் அத்தனை பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேலே காத்துநின்ற ராஜாவுக்குக் கால் கடுத்தது.

கடைசியில் வந்து சேர்ந்தவள் செங்காயிதான். தலைச்சுமையை அவர் முன்னால் இறக்கி அவிழ்த்தாள். உள்ளே இருபது வாள்!

"வாளெல்லாம் வந்துடுச்சு, மகாராஜா. அதைப் பிடிக்க வேண்டியவங்க சுருட்டைப் பிடிச்சதால பாதி வழியில உட்கார்ந்து இருமுறாங்க."

ராஜா திடுக்கிட்டார். "நிஜமாகவே எதிரி வந்திருந்தால்?"

"அவங்க நாட்டுலயும் இப்படி ஒரு மந்திரி இருக்கணும்னு சாமியை வேண்டிக்க வேண்டியதுதான்!"

சபையே சிரித்தது. மந்திரிக்கு மட்டும் இருமல் வந்தது. அன்றோடு படையில் சுருட்டும் போனது, சொக்கப்பரின் பதவியும் போனது.