கீழே விழுந்த பேட்டரி

அந்தப் பட்டறையில் இருந்த மூன்று பேரில் வயதில் சின்னவள் கோகிலவாணி. மற்ற இருவருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

கோயம்புத்தூர் சுந்தராபுரத்தில் இருந்தது பட்டறை. வீடுகளுக்குச் சமையலறை அலமாரிகள் செய்து, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார்கள். தெய்வசிகாமணி, வேலை பார்த்த மில் மூடியபின் அங்கே வந்து சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதுத் தொழில் பழகினார். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

நாச்சிமுத்து அதே மில்லில் அவரோடு ஒரே ஷிப்டில் நின்றவர். மில் மூடியபின் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் தெய்வசிகாமணிக்கு மனசு கேட்கவில்லை. கோகிலவாணியிடம் பேசினார்.

"நல்ல மனுசனுங்கம்மா. நான் பொறுப்பு."

"வரச் சொல்லுங்கண்ணா."

அப்படித்தான் நாச்சிமுத்து உள்ளே வந்தார்.

ஒரு நாள் பட்டறைக்குப் புது கட்டிங் மெஷின் வந்தது. ஒயர் இல்லாமல் பேட்டரியிலேயே ஓடுவது. கோகிலவாணி அதை மேசைமேல் வைத்து இருவரையும் கூப்பிட்டாள்.

"பிளேடைத் தொடறதுக்கு முன்னால பேட்டரியைக் கழட்டிடணும். சுவிட்சை அமுக்கலையேன்னு நினைக்காதீங்க. கை தவறிப் பட்டாலும் ஓடும். சூடா இருக்கற பேட்டரியை உடனே சார்ஜ் போடக்கூடாது. ஆறட்டும். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்துல இருக்கணும்."

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"பேட்டரி கீழ விழுந்துட்டா என்கிட்ட சொல்லிடுங்க. யாரையும் திட்ட மாட்டேன். சொல்லாம மட்டும் சார்ஜ் போட்டுடாதீங்க."

இருவரும் தலையாட்டினார்கள். அவள் மெஷினை எடுத்து நாச்சிமுத்து கையில் கொடுத்தாள்.

"இதை இனிமே நீங்க பார்த்துக்கங்கண்ணா."

தெய்வசிகாமணி சிரித்த முகத்தோடுதான் நின்றார். காது மட்டும் சுட்டது.

சாயங்காலம் நாச்சிமுத்து கிளம்பிப் போகும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏனுங்கம்மா, நான் அவனுக்கு முன்னால வந்தவன். மெஷினை எதுக்குங்க அவன்கிட்டக் கொடுத்தீங்க?"

கோகிலவாணி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம டிரில் எங்கண்ணா இருக்கு?"

"என் பையிலதாங்க. பூட்டி வெச்சிருக்கேன். யாரும் தொட முடியாது."

"சரிங்கண்ணா."

அவள் விளக்கை அணைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தெய்வசிகாமணியின் கண் தன் வேலையில் நிற்கவில்லை. நாச்சிமுத்துவின் கையைத்தான் பார்த்தது.

நாச்சிமுத்து பிளேடு மாற்றும்போதெல்லாம் பேட்டரியைக் கழட்டித் தள்ளி வைத்தார். வேலை முடிந்ததும் சின்ன பிரஷால் மெஷினின் காற்றுத் துளைகளில் அடைந்த தூளைத் தட்டினார். பிளேடு மூடி தானாகத் திரும்பி மூடுகிறதா என்று இழுத்து விட்டுப் பார்த்தார்.

'நடிக்கிறான்' என்று தெய்வசிகாமணி நினைத்தார். 'அந்தம்மா பார்க்கணும்னு பண்றான்.'

கோகிலவாணி பக்கத்தில் இல்லாதபோதும் நாச்சிமுத்து அதையேதான் செய்தார். அது தெய்வசிகாமணியை இன்னும் குத்தியது.

ஒரு வீட்டுக்காரர், "கட்டிங் அவ்வளவு நேரா இருக்குதுங்களே" என்றார். கோகிலவாணி நாச்சிமுத்து பக்கம் கையைக் காட்டினாள். தெய்வசிகாமணி அந்த அலமாரியின் கீல்கள் அத்தனையையும் தானே பொருத்தியிருந்தார். கதவு சத்தமில்லாமல் மூடியது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று டீயைக்கூட நாச்சிமுத்துவுக்கு முதலில் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி கேட்டாள். "அவரைக் கூட்டிக்கிட்டுப் போனதே நீங்கதான? இப்ப என்னவாம்?"

"ஒண்ணுமில்ல" என்றார். சோறு பாதியிலேயே கிடந்தது.

ஒருமுறை நாச்சிமுத்து மெஷினை நீட்டினார்.

"நீயும் போட்டுப் பார்றா சிகாமணி. லேசாத்தான் இருக்குது."

"எனக்கு எதுக்கு? உன்கிட்டத்தான கொடுத்திருக்காங்க."

நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வேலை நடந்தபோது அது நிகழ்ந்தது. கோகிலவாணி கீழே வண்டியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அவளுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தார். கழட்டிய பேட்டரி, சூடு ஆறுவதற்காக, அடுப்பு மேடைமேல் இருந்தது.

தெய்வசிகாமணி அலமாரிக் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்க இடம் தேடினார்.

"மேடை பூரா இவன் பொருள்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவின் விளிம்பால் பேட்டரியை ஒதுக்கித் தள்ளினார்.

அது வழுக்கிப் போய்த் தரைக் கல்லில் மூலை குத்தி விழுந்தது.

எடுத்துப் பார்த்தார். மூலையில் மெல்லிய விரிசல். படியில் நாச்சிமுத்துவின் பேச்சுச் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி பேட்டரியை மேடைமேல் பழைய இடத்திலேயே வைத்தார். விரிசல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

ஒரு விரிசல்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு ஓடியது. நாளைக்கு இது ஓடாமல் போனால் யாரைக் கேட்பார்கள்? யார் கையில் இருந்தது என்று பார்ப்பார்களே.

அது அவருக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

மதியம் பட்டறைக்குத் திரும்பினார்கள். கோகிலவாணி மறுகோடியில் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து மரத்தூள் இல்லாத மூலையில், சிமெண்ட் தரையில் சார்ஜரை வைத்தார். பேட்டரியைச் செருகினார். பச்சை விளக்கு மினுக்கியது. ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"வாடா. கீரை கொண்டாந்திருக்கேன்."

"பசிக்கல."

"காலையிலயும் டீதான குடிச்ச? வா."

தெய்வசிகாமணி வாசல் பக்கம் போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி சார்ஜர்.

வேறு யாராக இருந்தாலும் செருகிவிட்டு எங்கேயோ போயிருப்பார்கள். இவன் போக மாட்டான். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதே.

"நாச்சி, வெளிய வந்து சாப்பிடு. காத்து வருது."

"சார்ஜ் ஏறட்டும்டா."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இப்போது சொன்னால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சொல்லாமலும் நிற்க முடியவில்லை. வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

கருகிய பிளாஸ்டிக் வாசம் போல ஏதோ மெல்ல வந்தது. நாச்சிமுத்துவுக்கும் அது எட்டியது. டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, என்னவென்று பார்க்கப் பேட்டரிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார்.

"முகத்தை எடு."

தெய்வசிகாமணி ஓடினார். நாச்சிமுத்துவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். பேட்டரியின் மூலை புடைத்திருந்தது. உஸ்ஸென்று புகை கிளம்பியது. யோசிக்காமல் அதைக் கையால் பிடுங்கி வாசலை நோக்கி எறிந்தார். அது வாசலுக்கு முன்னாலேயே விழுந்தது.

"கையால தொடாதீங்கண்ணா" என்ற கோகிலவாணியின் குரல் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அவள் ஓடிவந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். நாச்சிமுத்து நீளமான ரீப்பர் கட்டை ஒன்றால் பேட்டரியை வாசலுக்கு வெளியே தள்ளினார். முற்றத்தில் அது பொசுக்கென்று பற்றிக்கொண்டது. கோகிலவாணி மணல் வாளியைத் தூக்கிப் போய்க் கொட்டினாள். எட்டி நின்றார்கள். மணலுக்குள்ளிருந்து நெடுநேரம் புகை வந்தது.

நாச்சிமுத்துதான் முதலில் பேசினார்.

"என் தப்புங்கம்மா. போடறதுக்கு முன்னால திருப்பிப் பார்த்திருக்கணும்."

தெய்வசிகாமணியின் வலது உள்ளங்கை சிவந்து எரிந்தது. அதை மூடிக்கொண்டார்.

"அவன் தப்பில்லீங்க. காலையில நான் தள்ளிவிட்டேன். கீழ விழுந்துச்சு. விரிசல் விட்டதையும் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமேடா" என்றார் நாச்சிமுத்து. குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்கத் தெய்வசிகாமணியால் முடியவில்லை. நாச்சிமுத்து தீப்புண்ணுக்கு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனார்.

கோகிலவாணி தெய்வசிகாமணியின் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். குழாயைத் திறந்து உள்ளங்கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தாள்.

"எடுத்துடாதீங்க. எரிச்சல் அடங்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

தெய்வசிகாமணி நின்றார். வேலையை விட்டு நிற்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"அன்னைக்குக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

"மெஷின் விசயமா?"

"ஆமாங்க. அவன்கிட்ட எதுக்குங்க கொடுத்தீங்க?"

கோகிலவாணி குழாயைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

"அந்த மெஷினை ஒருதடவை கொடுன்னு நீங்க கேட்டிருந்தா, அவர் கொடுத்திருப்பாரா?"

"நான் கேக்காமயே கொடுத்தானுங்க. நான்தான் வாங்கல."

"உங்ககிட்ட டிரில் இருக்கே, அதை அவர் கேட்டிருந்தா?"

தெய்வசிகாமணி தண்ணீருக்குக் கீழே இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.