இல்லாத வால்

“எவனோ ஒருத்தன் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துகிட்டு, வானத்தை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்காம எழுதித் தள்ளியிருக்கான், டீச்சர். என் கையில மட்டும் கிடைச்சான்னா…”

மாட்டுத் தரகர் வீரமலை நாளிதழைப் பள்ளிக்கூட மொட்டைமாடிச் சுவரில் ஓங்கி அடித்தார். ‘இன்று மாலை ஏழு மணிக்கு வானத்தின் குறுக்கே பாய்கிறது வால்வெள்ளி! பாதி வானத்தை மறைக்கும் வால்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ரெஜினா டீச்சர் டெலஸ்கோப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீரமலையைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வீரமலைக்கு அவர்தான் குரு. ஐம்பத்தெட்டு வயதில் வெள்ளிக்கிழமை தவறாமல் படியேறி வந்து வானம் படித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

“பாயுறது எரிகல்லுண்ணே. வால்வெள்ளி பத்து நாளைக்கு அதே பக்கம்தான் தெரியும், கொஞ்சம் கொஞ்சமா நகரும். நம்ம டெலஸ்கோப்புக்கு இந்தத் தடவை வாலும் தெரியாது. பஞ்சைப் பிச்சு வச்ச மாதிரி ஒரு துணுக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப கீழ நிக்கிற சனத்துக்கு என்ன பதில்?”

வீரமலை எட்டிப் பார்த்தார். படிக்கட்டு முழுக்க ஆள். எல்லோருக்கும் முன்னால் பள்ளித் தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதியமே அவர் சொல்லியாகிவிட்டது: வந்தவர்கள் திட்டிக்கொண்டு போனால், நாளைக்கே டெலஸ்கோப்பை இறக்கி அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

வீரமலை யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சொந்த மச்சான் மாடு ஓட்டிவந்தாலும், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்த பிறகுதான் வயசை ஒப்புக்கொள்வார். இப்போது தாளாளர் நின்ற தோரணையே அவருக்குப் பிடிக்கவில்லை. பூட்டுவதற்குச் சாக்குத் தேடுகிறாரோ?

“யார் முதல்ல பார்க்கிறது?” என்றார் டீச்சர்.

“நான் பார்க்கிறேன்.”

குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். இருட்டு. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. வாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

“யோவ் தரகரே, தெரியுதா தெரியலையா? வீட்டுல உலை வச்சுட்டு வந்திருக்கேன்” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

சிரிப்பு எழுந்தது. தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை.

“தெரியுது தாயி!” என்று கத்தினார் வீரமலை. சந்தையில் மாட்டைப் புகழ்கிற அதே குரல். “யப்பா, வாலு என்னா நீளம்! காங்கேயம் காளையெல்லாம் தோத்துது போ!”

அடுத்து வந்தவர் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, “ஆமாமா, தெரியுது” என்றார். உலை வைத்துவிட்டு வந்த பெண் இரண்டு தடவை பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மூன்றாவது தடவையும் பார்த்தாள். “நல்லாவே தெரியுதே” என்றாள்.

“அது வால் இல்லைங்க” என்று டீச்சர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. தாளாளர்கூட, “அற்புதம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் மாலை வீரமலை மூச்சிரைக்க மாடிக்கு வந்தார். கையில் அன்றைய மாலைப் பதிப்பு நாளிதழ்.

“மறுபடியும் போட்டிருக்கான் பாருங்க! ‘பள்ளி மாடியில் வாலைக் கண்டு வியந்த ஊர்மக்கள்’னு! தாளாளர்தான் சொல்லிவிட்டிருப்பார். எனக்கு அப்பவே சந்தேகம்.”

“நிருபர் காலையில வந்திருந்தாருண்ணே. எழுதறதுக்கு முன்னால முப்பது பேரை விசாரிச்சிருக்கார். முப்பது பேரும் வாலைப் பார்த்தோம்னுதான் சொல்லியிருக்காங்க.”

வீரமலை நாளிதழை மடித்தார். மறுபடி மடித்தார்.

“டெலஸ்கோப்பைப் பூட்டாம விட்டாங்கள்ல, டீச்சர்? அது போதாதா?”

“விட்டாங்க.”

கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நேற்றைப்போல இரண்டு பங்கு கூட்டம்.

டீச்சர் டெலஸ்கோப்பின் மூடியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வால் தெரியுதுன்னு முதல்ல சொன்ன ஆள் யாரோ, அவரே இன்னைக்கும் முதல்ல பார்க்கட்டும்ணே. கண்ணுல பட்டதை மட்டும் எல்லார் முன்னாலயும் சொல்லட்டும். அதுக்கப்புறம் இதைப் பூட்டினாலும் பூட்டிட்டுப் போறாங்க.”