நாற்பத்தொன்றாம் எண் பொட்டலம்

ஹெப்சிபா மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். மருந்தியல் துறையில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை. ஆய்வு மாணவி இசக்கி மட்டும் கேட்பாள். துறையிலேயே அவளுக்குத்தான் வேலை அதிகம்.

அப்போது துறையில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. முருங்கை விதையை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, பொடித்துக் கொடுத்தால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏதாவது உதவுமா என்று பார்க்கும் சோதனை. அறுபத்திரண்டு குழந்தைகள், இருபத்துநான்கு வாரம். பாதிப் பேருக்கு முருங்கைப் பொடி. மீதிப் பேருக்கு அதே பச்சை நிறத்தில் அரிசி மாவு. பொட்டலத்தின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்தக் குழந்தைக்கு எது என்ற பட்டியல், அரக்கு வைத்த உறைக்குள், வேறொரு துறையின் பீரோவில் கிடந்தது. மேடத்துக்கும் தெரியாது.

இருபதாம் வாரம் இசக்கி மேடத்தின் அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டவில்லை.

"மேடம், இது நியாயமா?"

"எது?"

"முப்பத்தோரு புள்ளைங்களுக்கு வெறும் மாவு. அதுங்களோட அம்மாமார் மருந்துன்னு நம்பி ஊட்டிக்கிட்டிருக்காங்க. யூடியூப்ல ஒருத்தன், தொண்ணூறே நாள்ல ஆட்டிசத்தை விரட்டிடுவேன்னு டப்பா டப்பாவா விக்கறான். அவனைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா அவன்கூட எல்லாருக்கும் ஒரே டப்பாதான் கொடுக்கான். நாம பாதிப் பேரை ஏமாத்துறோம்."

"அவன் ஏமாத்துறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் எதையும் சோதிச்சே பாக்கலையே!"

தன் வாயே தன்னை மாட்டிவிட்டது இசக்கிக்குப் புரிந்தது. அதற்காக நிறுத்துகிற ஆள் இல்லை அவள்.

"சரி, அது கிடக்கட்டும். வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச பிறகும் மாவையே கொடுத்துக்கிட்டிருக்கறது எப்படிச் சரி? உறையைப் பிரிச்சிருவோம் மேடம். எல்லாருக்கும் பொடியைக் கொடுப்போம்."

"வேலை செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நாப்பத்தொண்ணைப் பாருங்க."

நாற்பத்தொன்று நஸ்ரீன். ஆறு வயது. மேலப்பாளையத்திலிருந்து உம்மா மைமூன் அழைத்து வருவாள். முதல் நாள் வந்தபோது நஸ்ரீன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. இப்போது இசக்கியின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

"நாப்பத்தொண்ணுல இருக்கறது பொடியா மாவான்னு உனக்குத் தெரியாதே."

இசக்கி ஒரு நொடி தயங்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தெரியும். ருசி பார்த்தேன்."

மிச்சப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கி எண்ணுவது இசக்கியின் வேலை. நான்காம் வாரம், நாற்பத்தொன்றின் பொட்டலம் ஒன்று பாதி பிரிந்து வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நுனி நாக்கில் சுருக்கென்றது. மாவு சுருக்கென்று இருக்காது.

"தப்புதான் மேடம். திட்டுங்க. ஆனா அது அசல் பொடி."

மேடம் திட்டவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். திரும்பி வந்த பொட்டலங்களில் எண்ணைப் பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பதினேழு.

"இதையும் பாரு."

இசக்கி நாக்கில் வைத்தாள். சுருக்கென்றது.

மேடம் இன்னொன்று கொடுத்தார். முப்பது. சுருக்கென்றது. ஐம்பத்தாறு. அதுவும்.

"எல்லாமே பொடியா மேடம்?"

"மாவுல ஒரு சிட்டிகை கடுகுப்பொடி சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஆய்வுத் திட்டத்துல ஒன்பதாம் பக்கம். நீதான் தட்டச்சு பண்ணின."

இசக்கி தண்ணீர் குடித்தாள்.

"நாலாம் வாரம் வேற எந்தப் பொட்டலத்தை ருசி பார்த்த?"

"எதையும் பாக்கல."

"ஏன்?"

இசக்கி தம்ளரைக் கீழே வைத்தாள். "நாக்கு ஏமாந்துபோச்சு, ஒத்துக்கறேன். கண்ணு ஏமாறாது மேடம். நஸ்ரீன் மாறியிருக்கா. வாராவாரம் மதிப்பெண் போடறவ நான். எனக்குத் தெரியாதா?"

மேடம் கணினியைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடினார். பிறகு அவள் பக்கம் திருப்பினார். விளையாட்டு அறையின் மூலையில் இருக்கும் கேமரா எடுத்த இரண்டு காட்சிகள். இசக்கி அந்தப் பதிவுகளைப் பார்த்ததில்லை. அவள் நேரில் பார்த்து மதிப்பெண் போடுகிறவள். ஒன்றின் மேல் 'இரண்டாம் வாரம்' என்று இருந்தது. மற்றதன் மேல் 'பதினெட்டாம் வாரம்'.

"ரெண்டுக்கும் மதிப்பெண் போடு."

இரண்டிலும் அதே மஞ்சள் கவுன். நஸ்ரீன் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்குகிறாள். மைமூன் கூப்பிடுகிறாள். நஸ்ரீன் அடுக்குகிறாள்.

இசக்கி முதல் காட்சிக்குப் பதினொன்று போட்டாள். இரண்டாவதற்கு இருபத்துமூன்று.

"பாருங்க, உம்மா கூப்பிட்டதும் கை ஒரு கணம் நிக்குது. திரும்பிப் பாக்கல, ஆனா கேக்கறா. காதுக்குப் போகுது. முதல் காட்சியில இது இருக்கா?"

"சுவரைப் பாரு."

இரண்டு காட்சியிலும் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கியது. பெரிய எழுத்தில் தேதி. இசக்கி இரண்டு காட்சிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

மேடம் தலைப்புகளை மாற்றிப் போட்டிருந்தார். இருபத்துமூன்று வாங்கியது இரண்டாம் வாரம்.

"கை நின்னுச்சே மேடம்" என்றாள் இசக்கி. குரல் இறங்கியிருந்தது.

"நின்னுச்சு. மத்ததுலயும் நிக்குது. போட்டுப் பாரு."

இசக்கி போட்டுப் பார்த்தாள். நின்றது.

அன்று மாலை, நான்காம் வாரத்திலிருந்து இசக்கி போட்ட மதிப்பெண்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. அவளுடைய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே அதுதான். கேமராப் பதிவுகள் மதுரைக்குப் போயின. குழந்தைகளில் ஒருவரைக்கூடப் பார்த்திராத ஒரு பெண், எது எந்த வாரம் என்றே தெரியாமல், எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து மதிப்பெண் போட்டாள்.

இசக்கி ஒரு வாரம் மேடத்திடம் பேசவில்லை. துறையில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

இருபத்துநான்கு வாரம் முடிந்தது. மதிப்பெண்கள் வந்துசேர்ந்த பிறகு உறையைப் பிரித்தார்கள். முருங்கைப் பொடி சாப்பிட்டவர்களும் கொஞ்சம் முன்னேறியிருந்தார்கள். மாவு சாப்பிட்டவர்களும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நாற்பத்தொன்று, மாவு.

இசக்கி மறுபடி வந்தாள். இந்த முறை கதவைத் தட்டினாள்.

"மேடம், மைமூன் வியாழக்கிழமை வாராங்க. அடுத்த மாசம் மஸ்கட் போறாங்க, அவங்க வீட்டுக்காரர்கிட்ட. ஒரு வருஷத்துக்கு வேண்டிய பொட்டலம் கேக்காங்க."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கொடுத்திருவோம் மேடம்."

"எதை?"

"மாவைத்தான். நான் யோசிச்சுத்தான் சொல்லுதேன். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், அந்தப் பொட்டலத்துக்காகத்தான் அவங்க அவகூட உக்காந்திருக்காங்க. அது மாவுன்னு தெரிஞ்சா, அந்த உக்காருறதும் போயிரும். இங்க பேச்சுப் பயிற்சிக்காவது போவாங்க. அங்க யாரு இருக்கா? ஆறு மாசம் நாம சொல்லாம இருந்தோம்ல? இன்னும் ஒரு வருஷம் சொல்லாம இருந்தா என்ன?"

"யூடியூப்காரனும் இதைத்தான் சொல்லுவான்."

இசக்கிக்கு முகம் சிவந்தது.

"நானும் அவனும் ஒண்ணா?"

மேடம் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் நாற்பத்தொன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். பொடி சாப்பிட்டதா, இல்லையா என்று தினமும் ஒரு குறி போட்டால் போதும். குறிகளை எண்ணிக் கணக்கில் சேர்த்தவள் இசக்கிதான். குறிக்குப் பக்கத்தில் இருந்ததை அவள் படிக்கவில்லை.

"வியாழக்கிழமை நீயே சொல்லு. அதுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போ."

இசக்கி படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள்.

'துப்பிட்டா.'

'துப்பிட்டா. என்னைக் கடிச்சுட்டா.'

'கரண்டியத் தட்டிவிட்டா. நானும் அழுதேன்.'

'ஃபேன் நின்னப்ப சாப்பிட்டா. கரண்டு வந்ததும் காதப் பொத்திக்கிட்டா. ஃபேன் சத்தம்தான் போல.'

'ஃபேன் போடல. சாப்பிட்டா.'

'கரண்டிய வாய்க்குக் கொண்டுபோகாம மேசைமேல வச்சுட்டு சும்மா இருந்தேன். ரொம்ப நேரம். அவளே எடுத்தா.'

'நான் பூப்போட்ட துணி உடுத்தினா கிட்ட வரமாட்டேங்கா. ஒரே கலர்னா வாரா.'

'கூப்பிடாம பக்கத்துல நானும் கட்டை அடுக்கினேன். என் கட்டைய எடுத்து அவ வரிசையில வச்சுக்கிட்டா.'

'பேசல. கையப் பிடிச்சுக் கொண்டுபோய் தண்ணிப் பானையக் காட்டினா.'

நூற்று அறுபத்தெட்டு நாள். ஒரு நாளும் விடுபடவில்லை.

வியாழக்கிழமை மைமூன் வந்தாள். வெளிர்நீலத்தில் ஒரே நிறச் சேலை. பின்னால் நஸ்ரீன். இசக்கி அவளை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பட்டியலையும் காட்டினாள்.

மைமூன் நாற்பத்தொன்றுக்கு நேரே விரலை வைத்தாள்.

"மாவா?"

"ஆமாக்கா."

"ஆறு மாசம் புள்ள வாயில மாவையா போட்டேன்? என்ட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"கையெழுத்து வாங்கும்போது சொன்னோம்க்கா. பாதிப் பேருக்கு மாவுதான்னு."

"சொன்னிய. இல்லங்கல. நம்ம புள்ளைக்கு அது வராதுன்னு நெனச்சேன்."

இசக்கி பட்டியலை மடித்தாள்.

"சரி, அப்ப அசல் பொடியத் தாங்க. அதைக் கொடுத்துப் பாக்கேன்."

"அது சாப்பிட்ட புள்ளைங்களுக்கும் இதே அளவுதான்க்கா. பொடியால ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலயா?" மைமூன் எழுந்துவிட்டாள். "படிச்ச புள்ள பேசற பேச்சா இது? முத நாளு இவ எங்க கெடந்தா? இந்த மேசைக்கு அடியில. இப்ப நிக்கால்ல உங்க முன்னாடி? மருந்தும் இல்ல, மாயமும் இல்லன்னா அப்ப இதெல்லாம் யாரு—"

நஸ்ரீன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

மைமூன் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இரண்டு எட்டு வைத்து, சுவரிலிருந்த மின்விசிறிப் பொத்தானை அணைத்தாள். பேசிக்கொண்டே தன் குரலையும் தணித்தாள். கடைசி வார்த்தைகள் கிசுகிசுப்பாகத்தான் வந்தன. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. நஸ்ரீன் கைகளை இறக்கினாள். உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கி நோட்டை எடுத்து, ஃபேனைப் பற்றிய பக்கத்தைத் திறந்து மைமூன் முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது புதுப் பழக்கம்.

மைமூன் தன் எழுத்தையே யாரோ எழுதியதுபோலப் படித்தாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். நின்றுகொண்டே பத்துப் பக்கம் படித்தாள். ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள். ஓரிடத்தில் முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

பிறகு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பொட்டலம் வேண்டாம். இதை நான் கொண்டுபோறேன்."

"அக்கா, அது சோதனை ஆவணம். துறையிலதான் இருக்கணும்."

"என் கையெழுத்து. என் புள்ள."

"இருங்கக்கா, மேடத்தைக் கேட்டுட்டு வாரேன்."

இசக்கி மாடிக்கு ஓடினாள். ஒரு பொட்டலத்தை நாக்கில் வைத்ததற்காகப் பதினாறு வார உழைப்பை அழித்தவர் மேடம். அவரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்று படியேறும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேடம், மைமூன் பொட்டலம் வேண்டாம்ட்டாங்க. நோட்டைக் கேக்காங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"விதிப்படி தரக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் இசக்கி வேகமாக. "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஆனா கீழ நிக்காங்க. தரமாட்டேன்னு என்னால சொல்ல முடியல. நீங்க வேணா வந்து சொல்லுங்க."

"கீழ ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்யுதா?"

இசக்கிக்கு மூச்சு வந்தது.

"செய்யுது மேடம். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து அவங்களுக்குக் கொடுத்திடறேன். பத்து நிமிஷம்."

அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். மேடம் கூப்பிட்டார்.

"இசக்கி. நகல் நமக்கு."