பழைய ரப்பர் ரிங்

"அவனுக்கு நான் எதுக்கு டீச்சர் ஆயில் மாத்தணும்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

கேட்கவில்லை, கத்தினார். தகரக் கூரை மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து போயின.

டீச்சர் என்றது சகாயராணியை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவருடைய ஒர்க்ஷாப். பழைய கார் வைத்திருப்பவர்கள் அங்கே வந்து தங்கள் வண்டி வேலையைத் தாங்களே செய்யக் கற்றுக்கொள்வார்கள். வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்பவர்களை டீச்சர் வாசலோடு அனுப்பிவிடுவார். வயது நாற்பதுதான். வாய் அறுபது வயதுக்கு இருக்கும்.

அர்த்தநாரி அவரைவிட நன்றாகவே மூத்தவர். தறிக்கூடம் நடத்துகிறவர். ஞாயிறு தவறாமல் வந்து கற்றது ஒரே ஒரு காருக்காக. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், பச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம். ஏற்காட்டுத் தோட்டத்துரை ஒருவரிடம் அவர் அப்பா வாங்கியது. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அதைத் துடைத்து, ஓட்டி, உயிரோடு வைத்திருந்தது அர்த்தநாரி.

அப்பா போன பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தறிக்கூடம் அண்ணனுக்கு, ஏற்காட்டு வீடும் காரும் தம்பிக்கு என்று முடிவானது. தறிக்கூடத்தையும் நீயே வைத்துக்கொள், காரை மட்டும் கொடு என்று அர்த்தநாரி கெஞ்சிப் பார்த்தார். தம்பி வேலவன் சிரித்தான். கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு அதை வாடகைக்கு விடப் போகிறானாம். மாப்பிள்ளையும் பெண்ணும் பானெட் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். யாருக்குத்தான் வயிறு எரியாது?

இன்று வண்டியை எடுக்க வருகிறான். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ரெடியாக வைக்கச் சொல்லி நேற்றே ஆள் அனுப்பிவிட்டான். நேரில் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

"அவருக்கு மாத்த வேண்டாம்," என்றார் டீச்சர். "வண்டிக்கு மாத்துங்க."

"வண்டியே அவனுதாயிருச்சு."

"ஆயில் கறுத்திருக்கா, இல்லையா?"

"கறுத்திருக்கு."

"அப்புறம் என்ன பேச்சு?"

டீச்சர் உள்ளே போய்விட்டார். அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

பழைய ஆயிலை வடித்தார். இந்த வண்டியில் ஃபில்டர் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணம் இன்ஜின் பக்கவாட்டில் ஒரு நீள போல்ட்டில் தொங்கும். போல்ட்டைக் கழற்றினார், கிண்ணம் கையோடு வந்தது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கிண்ணத்தின் வாய் போய்ப் பொருந்தும் இடத்தில், இன்ஜினில் வட்டமாக ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் ரப்பர் ரிங் உட்கார்ந்திருக்கும். பழையது கறுத்து, இறுகி, இரும்போடு இரும்பாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. கோணி ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

முதன்முதலில் இந்த வேலையைக் கற்றுத் தந்த அன்று டீச்சர் அந்த ஊசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டிச் சொல்லியிருந்தார்.

"பழசை எடுக்காம அதுமேலயே புதுசை வெச்சு இறுக்கினா, நிக்கிற வண்டியில ஒண்ணும் தெரியாது. ஒரு சொட்டுகூட விழாது. மலையேறும்போது இன்ஜினை முறுக்குவீங்க பாருங்க, அப்பப் பிதுங்கும். மொத்த ஆயிலும் ரோட்டுல. பின் டயர் அதுமேல ஏறும். வளைவுல நீங்க திருப்புற பக்கம் வண்டி வராது. புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

இப்போது அர்த்தநாரி பள்ளத்தில் விரலை ஓட்டினார். பழைய ரிங் இருந்தது. கோணி ஊசியை எடுத்தார். பானெட் மேல் யாரோ ஒரு பெண் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து சிரிப்பது மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்று வேலவனும் சிரிப்பது மாதிரி இருந்தது.

ஊசியைக் கீழே வைத்தார். பழைய ரிங்கின் மேலேயே புது ரிங்கை வைத்தார். புது ஃபில்டரைப் போட்டுக் கிண்ணத்தை இறுக்கினார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவரைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

டீச்சர் வந்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். செய்தித்தாளில் பழைய ஃபில்டர் இருந்தது, வாஷர் இருந்தது.

"பழைய ரிங் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் டீச்சர்."

"எங்க போட்டீங்க?"

"குப்பையில."

டீச்சர் போய்க் குப்பை டிரம்மை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். கைத்துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். ஒரு நட்டை இடம் மாற்றி வைத்தால் ஊரைக் கூட்டும் மனுஷி ஒன்றும் சொல்லாமல் இருந்தது அர்த்தநாரிக்குப் பிடிக்கவில்லை.

வேலவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அண்ணனைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்தான்.

"சாவி?" என்று கையை நீட்டினான்.

அர்த்தநாரி சாவியை இருக்கை மேல் போட்டார்.

"கையில குடுத்தா தேஞ்சிருமா?"

"உனக்கு அதுவே அதிகம்."

"இத்தனை வருஷம் துடைச்சா வண்டி உன்னுதாயிருமாண்ணா? அப்பாவோட டிரைவர்கூடத்தான் துடைச்சான். அவன் வந்து பங்கு கேக்கலியே."

அர்த்தநாரிக்குக் காது வரைக்கும் சுட்டது. போ, மலைக்குப் போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மனதார வாழ்த்துவது போல அதைச் சொன்னார்.

வேலவன் ஏறி உட்கார்ந்தான். அப்போது டீச்சர் கைத்துணியை மேஜையில் வைத்துவிட்டு நடந்து வந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து வேலவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏற்காட்டுல ஒரு ஆளைப் பாக்கணும். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"தாராளமா வாங்க," என்றான் வேலவன்.

அர்த்தநாரி அருகே வந்தார். "டீச்சர், உங்களுக்கு இங்க வேலை கிடக்குதே."

"சாயங்காலம் பாத்துக்கலாம்."

"மலைக் காத்து உங்களுக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்கும்."

"பஸ்ல போங்க டீச்சர். இதுல கூரை இல்ல. வெயில் மண்டையைப் பொளக்கும்."

"ஏன், இந்த வண்டிக்கு என்ன?"

டீச்சர் அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். அர்த்தநாரிக்கு இப்போது டீச்சர் மேலும் கோபம் வந்தது. இந்தப் பொம்பளைக்கு எல்லாவற்றிலும் தலையிட்டே ஆக வேண்டும்.

"நான் சொல்றேன், இறங்குங்க."

"ஏன்?"

"அவங்க வந்தா உனக்கென்ன?" என்று வேலவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

அர்த்தநாரி ஓடிப்போய் முன்னால் நின்றார். பம்பர் முழங்காலில் இடித்தது.

"நிறுத்துடா. பழைய ரிங் உள்ளயே இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா நீ மலையில செத்திருப்ப."

வேலவன் கண்ணாடியைக் கழற்றினான். "மறந்துட்டியா?"

மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். அர்த்தநாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இன்னும் இறங்கவில்லை.

"மறக்கல," என்றார்.

வேலவன் குதித்து வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பொத்தான் தெறித்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். செத்துப் போன அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். அர்த்தநாரி அவன் கையைத் தட்டிவிடவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"சட்டையை விடுங்க," என்றார் டீச்சர். "அவருக்கு வேலை இருக்கு."

வண்டியிலிருந்து இறங்கிப் போய்க் கோணி ஊசியை எடுத்து வந்து அர்த்தநாரியின் கையில் வைத்தார்.

தம்பி பார்க்க, அண்ணன் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார். கிண்ணத்தைக் கழற்றினார். புது ரிங்கை எடுத்துவிட்டுப் பழையதைக் குத்தினார். அது முழுசாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வைத்தார். பள்ளம் முழுக்க விரலை ஓட்டி, துணியால் துடைத்து, மறுபடியும் விரலை ஓட்டினார். பிறகு புது ரிங்கை வைத்து இறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றினார். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜினை நன்றாக முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் பிதுங்கவில்லை.

வேலவன் ஏறி உட்கார்ந்தான்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காத."

"மிதிக்கல. பானெட் மேல எவனையும் உக்கார வெக்காதடா. நசுங்கிரும்."

வண்டி சாலைக்குப் போய் மலைப்பக்கம் திரும்பியது. சத்தம் அடங்கும் வரை அர்த்தநாரி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். டீச்சர் மரத்தூளைப் போட்டுத் தரையில் சிந்தியிருந்த ஆயிலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ரிங் உள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"பேப்பர்ல இல்ல. குப்பையிலயும் இல்ல."

"தெரிஞ்சுமா ஏறி உக்காந்தீங்க?" அர்த்தநாரியின் குரல் மறுபடி உயர்ந்தது. "எங்க சண்டை எங்களோட. நான் வாயத் தெறக்காமலே இருந்திருந்தா? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

டீச்சர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு ரிங் இருந்தா மலையில என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் வேற எங்க உக்காரணும்?"