ஒச்சுக்காளை தண்ணி ஏத்தின டயர்

சிக்கந்தர் பாயின் டயர் கடைக்கு அன்றைக்குக் காலையில் மூன்று பேர் வந்திருந்தார்கள். மகளிர் குழுத் தலைவி மாயக்கா, குழுவின் மினி டிராக்டரோடு வந்திருந்தாள். பொம்மையன், பஞ்சரான எக்ஸெல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். ஒச்சுக்காளை வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மற்ற ரெண்டு வண்டியையும்விட அதுதான் ஜாஸ்தி ஓடும்.

மாயக்காவுக்குத் தலைபோகிற காரியம். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வாங்கின டிராக்டர் அது. அவர்கள் நிலமெல்லாம் பாறைக் கரட்டடியில், ஒரு பக்கம் சரிந்து கிடக்கிற காடு. சாரல் விழுவதற்குள் உழுது மொச்சை விதைத்தாக வேண்டும். மேகம் ரெண்டு நாளாக மலை உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஓட்ட ஆளில்லை. மாயக்கா ரோட்டில் ஓட்டுவாள்; சரிவில் உழுது பழக்கமில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் அந்தச் சரிவில்தான் வண்டி குடை சாய்ந்து, டிரைவர் சன்னாசிக்குத் தோள் எலும்பு முறிந்தது.

“குடிச்சிட்டு ஓட்டுனான், கவுத்தான்” என்று ஒச்சுக்காளை ஊரெல்லாம் சொன்னார். மாயக்காவும் நம்பினாள். சன்னாசியை வேலையை விட்டு நிறுத்தினாள். அவன் பெண்சாதி வாசலில் வந்து நின்று, “அன்னைக்கி அவரு தொடவே இல்லக்கா, எம்புள்ளைக மேல சத்தியம்” என்று அழுததைக் கேட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இப்போது அந்த சீட்டில் உட்கார ஊரில் ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான். வருகிறேன் வருகிறேன் என்று நிற்கிறவர் ஒச்சுக்காளைதான்.

“தங்கச்சி, நீ ஏன் மருகுற? போன தடவ இந்த டயர்ல தண்ணி ஏத்துனது யாரு? இந்தக் கை! பாய், மக கல்யாணம்னு உத்தமபாளையம் போயிட்டாரு. நான் ஒத்த ஆளா பக்கத்துக்கு அஞ்சு குடம் எண்ணி ஏத்துனேன். வண்டிய மலையாட்டம் நிப்பாட்டிக் குடுத்தேன். ஓட்டத் தெரியாத பய கவுத்தா நான் என்ன செய்ய?”

டயருக்குள் தண்ணீரா என்று கேட்காதீர்கள். சின்ன டிராக்டர் எடை கம்மி. பின் டயர் ரெண்டிலும் முக்கால்வாசி தண்ணீரை நிரப்பிவிட்டால் பாரம் அடியில் தங்கும். சரிவில் சட்டென்று கவிழாது. கரட்டுக்காட்டில் உழுகிற எல்லா வண்டிக்கும் அப்படித்தான். சிக்கந்தர் கடையில் அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. தண்ணி ஏத்தினவன் முதல் உழவுச் சாலுக்கு, பின்சக்கரத்துக்கு மேலிருக்கிற மட்காட்டில் ஏறி உட்கார்ந்து போகவேண்டும். போன தடவை, சரியாக அந்த நேரம் பார்த்து ஒச்சுக்காளைக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது.

சிக்கந்தர் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார். “நான் இல்லாதப்ப ஏத்துன தண்ணி. தொறந்து பாத்துட்டுத்தான் மறுபடி ஏத்துவேன். இந்தவாட்டி ரெண்டு பக்கமும் ஸ்பேசர்னு இரும்பு வளையம் வச்சு சக்கரத்தையும் அகட்டி விட்டுர்றேன். கால அகட்டி நின்னா மனுசனே விழமாட்டான்” என்றார்.

“ஸ்பேசரா?” ஒச்சுக்காளை சிரித்தார். “பாய், நான் பாக்காத ஸ்பேசரா! மொதல்ல தண்ணிக் கதையக் கேளுங்க. ஒரு வருசம் கோடை, கெணறு வறண்டு, குடிக்கவே தண்ணி இல்ல. டயருக்கு எங்க போக? அந்த வருசம் பாத்து திராட்ச வெல போகாம சீப்படுது. பந்தலோட அறுத்து ஓடையில கொட்றாங்ஙெ. நான் என்ன செஞ்சேன்? அம்புட்டையும் மிதிச்சுப் பிழிஞ்சு, சாறை டயர்ல ஏத்திட்டேன்.”

“சாறையா?” என்றான் பொம்மையன்.

“பன்னீர்த் திராட்ச. நல்லாத்தான் ஓடுச்சு. நாப்பது நாள் கழிச்சு உள்ளுக்குள்ளயே புளிச்சுப்போச்சு. வண்டிக்குப் போதை ஏறிருச்சப்பா! அங்கிட்டு ஆடுது, இங்கிட்டு ஆடுது, விழுகவே மாட்டேங்குது. பைபாஸ்ல போலீஸ்காரரு கைகாட்டுனாரு. எறங்கி நின்னேன். என்னைய மோந்து பாத்தாரு, ஒண்ணுமில்ல. டயர மோந்து பாத்தாரு, ஆடிப்போயிட்டாரு. அந்த ஊதுற மெசின் இருக்குல்ல, அத டயர் வால்வுல சொருகி, ‘ம், ஊது’ன்னாரு. ஊதுச்சு பாரு! மெசின் முள்ளு ஒடிஞ்சு தெறிச்சு எதுத்தாப்புல புளியமரத்துல குத்துச்சு. இன்னைக்கும் இருக்கு.”

“எந்தப் புளியமரம்?”

“ரோட்ட அகலப்படுத்துறேன்னு வெட்டிட்டாங்ஙெ.”

மாயக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அவள் கேட்க வந்தது வேறு. “ண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். ஸ்பேசர் போட்டா ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நட்டுகள மறுபடி முறுக்கணும்னு பாய் சொல்றாரு. அந்தக் கரட்டுல தனியா நிக்கும்போது செய்வீகளா?”

“நட்டா?” ஒச்சுக்காளை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “நான் நட்டே போடமாட்டேன் தங்கச்சி. சக்கரத்தப் பாத்து ‘நில்லு’ன்னு ஒரு சத்தம் போடுவேன். நிக்கும்.”

சிக்கந்தர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

“என் வண்டிக்கு மொதல்ல போட்ட ஸ்பேசர் இட்டிலித் தட்டு கனம். பத்தல. அப்புறம் ஆட்டுக்கல்லு கனம். அதும் பத்தல. ஒண்ணு மேல ஒண்ணா வச்சேன் பாரு, வண்டி அகண்டுக்கிட்டே போகுது. கடேசில குமுளிக்கு மேல நிப்பாட்டுனா, இடது சக்கரம் தமிழ்நாட்டுல, வலது சக்கரம் கேரளாவுல! நடுவுல நான்.”

“அடேங்கப்பா!” என்றான் பொம்மையன். “செக்போஸ்ட்டுல கட்டையப் போட்டு மறிக்கலையாக்கும்?”

“செக்போஸ்ட்டே என் வண்டிக்கு அடியில இருந்துச்சு. ஆபீசரு அண்ணாந்து பாத்து எந்தப் பக்கம் சீல் குத்துறதுன்னு தெரியாம, தன் கையிலயே குத்திக்கிட்டாரு. அது கெடக்கட்டும். இந்தச் சக்கரத்துல வெயிலு அடிக்குது, அந்தச் சக்கரத்துல மழை கொட்டுது. ஒரு வாரம் உழுதுட்டுத் திரும்பி வந்து பாக்கேன், இடது டயர்ல புழுதி, வலது டயர்ல ஏலக்கா காச்சுத் தொங்குது. அந்த ஏலக்கா போட்டுத்தான் எங்க மதினி பாயாசம் வச்சா. கேட்டுப் பாரு.”

“ஒம் மதினி செத்து ஆறு வருசமாச்சே” என்றான் பொம்மையன்.

“அதான் சொல்றேன், இப்ப அந்த ருசி கெடைக்குமா?”

பொம்மையன் தலையில் அடித்துக்கொண்டான். மாயக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசனை நம்பி வண்டியை ஏற்றினால் நாளைக்கு யார் எலும்பு முறியுமோ. ஏற்றாவிட்டால் பன்னிரண்டு வீட்டுக் காடும் தரிசு. “ண்ணே, ஒரே ஒரு கேள்வி. எங்க காட்டுச் சரிவுல நீங்க ஓட்டியிருக்கீகளா?”

“உங்க காடு ஒரு சரிவா? நான் மலைய உழுதிருக்கேன், செங்குத்தா! பல்லி செவுத்துல ஒட்டுனாப்புல வண்டி ஏறுது. என் முதுகு தரையப் பாத்து இருக்கு, மூஞ்சி வானத்தப் பாத்து இருக்கு. பாதி மலையில பசி எடுத்துச்சு. தூக்குச்சட்டியத் தொறந்து ரசம் ஊத்துனேன், ஒரு சொட்டு சிந்தலையே! உச்சிக்குப் போகும்போது லேசா ஒரு ஆட்டம். சரி, வண்டிதான் சாயுதுன்னு பாத்தா, வண்டி கல்லு மாதிரி நிக்குது. மலை சாயுது! டயர்ல இருந்த தண்ணிப் பாரந்தாங்காம மலை கேரளாப் பக்கமா ஒருச்சாஞ்சு குடுத்துருச்சு. அதுக்கப்புறந்தான் அங்கிட்டு மழை கூடிப்போச்சு, நமக்குக் கொறஞ்சுபோச்சு. அந்தப் பாவம் எனக்கு இருக்கு, இல்லேங்கல.”

இதைச் சொல்லிவிட்டு அவர் நெஞ்சில் கைவைத்து வருத்தப்பட்டார்.

அதற்குள் சிக்கந்தர் வலது பின்சக்கரத்தைச் சுற்றி வால்வை அடிக்குக் கொண்டுவந்து, கீழே பெரிய தொட்டியை வைத்து வால்வைக் கழற்றினார். அஞ்சு குடம் வரவேண்டும். நாலு செம்பு தண்ணீர் சிணுங்கிக்கொண்டு வந்தது. அப்புறம் வெறும் காற்று. இடது சக்கரத்தைத் திறந்தார். அதில் மூன்று செம்பு.

சிக்கந்தர் தொட்டியையே பார்த்துக்கொண்டு, “காளை, நீ தண்ணி ஏத்தும்போது வால்வு எங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

“கீழதான். இதுகூடத் தெரியாதா பாய்? தண்ணித் தொட்டிக்குக் குழாய அடியிலதான வப்பாங்ஙெ!”

பொம்மையன், பஞ்சரான வண்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அது தண்ணி எறங்குறதுக்கு வைக்கிற குழாய்யா!” சிக்கந்தருக்குக் கோபத்தில் குரல் ஏறியது. “ஏத்துறதுன்னா சக்கரத்தத் தூக்கி வால்வ உச்சிக்குத் திருப்பணும். அப்பத்தான் உள்ள இருக்குற காத்து வெளிய வரும், தண்ணி உள்ள போகும். வால்வு மட்டத்துக்குத் தண்ணி வந்தா முக்கால் டயர் நெறஞ்சதுன்னு கணக்கு. அடியில வச்சு ஊத்துனா காத்து எங்கிட்டுப் போகும்? ஊத்துன தண்ணி திரும்ப உம்மேலதான் பீச்சியடிச்சிருக்கும்.”

“லேசா சிந்துச்சு” என்றார் ஒச்சுக்காளை.

“எம்புட்டு?”

“நாலர குடம்.”

மாயக்காவுக்கு எல்லாம் விளங்கிப்போனது. சன்னாசி குடிக்கவில்லை. டயரில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பி, வெறும் காற்றின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கியிருக்கிறான். அவன் பெண்சாதி சொன்னது அத்தனையும் சத்தியம். சாத்தின கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

“உள்ள போகலேன்னு தெரிஞ்சும் அஞ்சு குடம்னு சொன்னீகளா?” என்று கேட்டாள்.

“போயிருச்சு தங்கச்சி, நெசமா போயிருச்சு. இந்த வெயிலுக்கு ஆவியாயிருக்கும். ரப்பரு குடிச்சிருக்கும். ரப்பருக்குத் தாகம்...”

“ண்ணே.” அவள் சத்தம் போடவில்லை. “எதுத்தாப்புல குழா இருக்கு. குடத்த எடுங்க. பக்கத்துக்கு அஞ்சு. டிரம்முல ஊத்துங்க, நான் எண்ணுறேன். நாளைக்கி மொத சாலுக்கு மட்காட்டுல நீங்கதான். வயித்தவலி வந்தா சொல்லுங்க, ஓமத்தண்ணி கையோட கொண்டாறேன்.”

பத்துக் குடம். ரோட்டைக் கடந்து கடந்து சுமந்தார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. சிக்கந்தர் வால்வை உச்சிக்குத் திருப்பி, டிரம்மிலிருந்து ஓஸ் போட்டு நிரப்பி, ஸ்பேசரையும் மாட்டினார். கடையில் அன்றைக்கு முதல்முறையாக ஒச்சுக்காளை மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாயக்கா நேரே சன்னாசி வீட்டுக்குப் போனாள். அவன் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். “தப்பு பூராம் எம்மேலதான் சன்னாசி. விசாரிக்காமப் பேசிட்டேன். வேலை உன்னுதுதான், கை சரியானதும் நீயே ஓட்டு. நாளைக்கி மட்டும் நான் ஓட்டுறேன், நீ கூட நின்னு சொல்லிக்குடு” என்றாள். அவன் பெண்சாதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாயக்கா அதைக் குடிக்கும்போது அழுதுவிட்டாள். சன்னாசி, “காலையில எத்தன மணிக்குக்கா?” என்று கேட்டான்.

விடிந்ததும் காட்டில் எல்லாரும் இருந்தார்கள். மாயக்கா சீட்டில், ஒச்சுக்காளை வலது மட்காட்டில். சன்னாசி மேட்டுப்பக்கமாகக் கூடவே நடந்தான். “மெதுவாக்கா. மேட்டப் பாத்தே பிடிங்க. பயந்து கீழ ஒடிச்சிராதீக.” சன்னாசி கவிழ்ந்த பாறை வந்தது. மேட்டுச் சக்கரம் அதில் ஏறியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணிப் பாரம் இழுத்தது. அகட்டி வைத்த சக்கரம் மண்ணைப் பிடித்து நின்றது. வண்டி பாறையைத் தாண்டி இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதல் சால் உழுது முடித்தது. கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

நிற்காமல் பத்துப் பன்னிரண்டு சால் உழுதாள் மாயக்கா. ஒச்சுக்காளை மட்காட்டை விட்டு இறங்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஒரு மணி நேரமானதும் வண்டியை மரத்தடியில் நிறுத்தினாள். சிக்கந்தர் ஸ்பானரோடு வந்து ஒவ்வொரு நட்டாக மறுபடி முறுக்க ஆரம்பித்தார். அவர் ரெண்டு சக்கரத்தையும் முடித்துக் கையைத் துடைத்த பிறகுதான், மட்காட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே ஒச்சுக்காளைக்குப் பேச்சு வந்தது.

“பாத்தீகளாப்பா? அந்தப் பாறைகிட்ட நான் மட்டும் இந்தப் பக்கமா ஒரு அமுக்கு அமுக்கலேன்னா இந்நேரம் எல்லாரும் எழவுதான் கூட்டிக்கிட்டு இருப்பீக. கீழ பாக்கேன், ஆயிரம் அடிப் பள்ளம். மேகம் என் காலுக்குக் கீழ போகுது. சக்கரத்துக்கு அடியில கழுகு பறக்குது, அது என்னைய நிமிந்து பாத்து ஒரு கும்பிடு போடுது. இப்பக்கூட பாருங்க, எம்புட்டு ஒசரத்துல நிக்கோம்!”

பொம்மையன் கிட்டே போய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

“எல்லாஞ் சரி காளை. மொதல்ல கண்ணைத் தொற. வண்டி நின்னு கால் மணி நேரமாச்சு.”