நண்டுகளுக்குப் பலன் எழுதிய பல்லி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம் நின்றது. அந்த மரத்துப் பொந்தில் முத்துப்பேச்சி என்று ஒரு பல்லி இருந்தாள். எல்லோரும் அவளைப் பேச்சி என்றே கூப்பிட்டார்கள்.

பேச்சிக்கு விடிந்ததும் நாலு எறும்பைப் பிடித்துத் தின்றால் அன்றைய வேலை முடிந்தது. மிச்சப் பொழுது போக வேண்டாமா? அதற்காகத்தான் அவள் ராசிபலன் எழுதத் தொடங்கினாள். குளத்துச் சேற்றில் வால் நுனியைத் தோய்ப்பாள். தேக்கு இலையில் எழுதுவாள். கரையோரப் புதரில் மாட்டிவிடுவாள்.

முதலில் மேஷ ராசிக்கு எழுதினாள். ஆடுகள் வந்தன. படிக்காமலே இலையைத் தின்றுவிட்டுப் போயின! பிறகு மீன ராசிக்கு எழுதினாள். மீன்களால் கரைக்கு வந்து படிக்க முடியவில்லை. சிம்ம ராசிக்கு எழுதலாம்தான். ஆனால் குகை வாசலில் போய் இலையை மாட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மிஞ்சியது கடகம். நண்டாகப் பிறந்தவர்கள் எல்லோரும் கடக ராசிதானே! குளத்தில் நண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சி அந்த ஒரு ராசியோடு நின்றுகொண்டாள்.

"கடக ராசி நேயர்களே! இன்று தொட்டது துலங்கும். பிள்ளைகள் சொல் பேச்சு கேட்பார்கள். வடக்குத் திசையால் ஆதாயம். அனுகூலமான நிறம் பாசிப்பச்சை."

கொடுக்கப்பன் என்ற பெரிய நண்டு இதைச் சத்தம் போட்டுப் படிப்பான். அவன் மனைவி வளையம்மா காது கொடுத்துக் கேட்பாள். மற்ற நண்டுகள் பக்கவாட்டில் நடந்து வந்து சுற்றி நிற்கும். பேச்சி மரத்திலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு மனசு குளிர்ந்து போகும்.

ஒரே ஒரு நாள்தான் அவள் கொஞ்சம் மாற்றி எழுதினாள். "உடல்நலத்தில் கவனம் தேவை" என்று போட்டுவிட்டாள். அவ்வளவுதான்! வளையம்மா அன்று முழுக்க வளையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை. "எனக்கு என்னமோ ஆகப்போகுது!" என்று ஒரே அழுகை.

பேச்சிக்குப் பாவமாகிவிட்டது. 'நம்ம நண்டுகள் அழலாமா?' என்று நினைத்தாள். அன்றிலிருந்து நல்லதைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. குளத்துத் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கியது. தவளைகள் மூட்டை கட்டின.

"வடக்கே ஓடையில தண்ணி வத்தாது. நாங்க கிளம்புறோம். நீங்களும் வாங்க!" என்று நண்டுகளைக் கூப்பிட்டன.

பேச்சி இதைக் கேட்டாள். அவளுக்குத் திக்கென்றது. நண்டுகள் போய்விட்டால் அவள் யாருக்கு எழுதுவாள்? யார் படிப்பார்கள்? அவசர அவசரமாக ஓர் இலையை எடுத்தாள். "இடமாற்றம் வேண்டாம். நீர்நிலைகளால் நன்மை உண்டு" என்று எழுதி மாட்டிவிட்டாள். தவளைகள் போய்விட்டன. நண்டுகள் நிம்மதியாக இருந்துகொண்டன.

சில நாள் கழித்து ஒரு காலையில், பேச்சி வாலைத் தோய்க்கக் கரைக்கு இறங்கினாள். சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். அங்கேயும் காய்ந்த மண்தான். நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். குளத்தின் நட்டநடுவில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. ஈரம் அங்கே மட்டும்தான் இருந்தது. அந்த ஈரத்தில் நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. குட்டி நண்டுகளுக்கு வாயில் நுரை தள்ளியது.

பேச்சி பதறிக்கொண்டு கிட்டே ஓடினாள்.

"ஐயோ, வளையம்மா! ஏன் இன்னும் இங்கே கிடக்கீங்க? ஓடைக்குப் போயிருக்கலாமே!"

"என்ன மதினி, நீங்களே இப்படிக் கேக்கலாமா? இடமாற்றம் வேண்டாம்னு எழுதினது நீங்கதானே!"

"அது நானா இட்டுக்கட்டி எழுதினது! எனக்கு ராசியும் தெரியாது, கிரகமும் தெரியாது!"

கொடுக்கப்பன் அந்த நிலையிலும் சிரித்தான். "பாத்தியா வளையம்மா, பேச்சிக்கு எவ்வளவு தன்னடக்கம்! பெரிய ஞானம் உள்ளவங்க இப்படித்தான் பேசுவாங்க."

"தன்னடக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! கிளம்புங்க!"

"பலன்ல வரட்டும் பேச்சி, உடனே கிளம்புறோம். பலன்ல இல்லாததை எப்படி நம்புறது?"

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஒரு தேக்கு இலையை இழுத்து வந்தாள். குட்டிகளை நகரச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசிச் சேற்றில் வாலைத் தோய்த்தாள்.

"இன்று இடமாற்றம் உண்டு. வடக்கே போனால் யோகம்" என்று எழுதினாள்.

இது போதும். இதைப் படித்தால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடிவிடுவார்கள். அவள் பெயரும் கெடாது. ஓடைக்கரையிலும் தினமும் இலை மாட்டலாம், தினமும் நண்டுகள் வந்து சுற்றி நிற்கும்.

இலையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். மழைக்காலத்தில் ஓடையில் வெள்ளம் வருமே! அப்போதும் இவர்கள் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். இலையைத்தான் பார்ப்பார்கள். வெள்ளம் வரும் நாள் எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் குஞ்சு குளுவான்களை நானே வாரிக் கொடுத்துவிடுவேனே!

எழுதியதை வயிற்றால் தேய்த்து அழித்தாள். மறுபடியும் வாலைத் தோய்த்தாள். இந்த முறை நிதானமாக எழுதி, கொடுக்கப்பன் முன்னால் வைத்தாள்.

அவன் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தான். "கடக ராசி நேயர்களே! இதுவரை எழுதிய பலன் எல்லாம் பொய். எழுதினவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் போய்விடுவீர்களே என்ற பயத்தில்தான் இடமாற்றம் வேண்டாம் என்று எழுதினாள். குளத்தில் தண்ணீர் இல்லை. கண்ணைத் திறந்து பாருங்கள்!"

நண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"பலன் பொய்னு பலன்லயே போட்டிருக்கே!" என்றான் கொடுக்கப்பன்.

"பலன்ல போட்டா அது சரியாத்தானே இருக்கும்?" என்றது ஒரு கிழ நண்டு.

"அப்படின்னா பொய்தானா?"

"பொய்தான் போல!"

இந்த வேடிக்கையில் வளையம்மா கலந்துகொள்ளவில்லை. நண்டின் கண்கள் காம்பில் இருப்பவை. அவள் அவற்றை நன்றாக நிமிர்த்தி நாலா பக்கமும் சுற்றிப் பார்த்தாள். வெடித்த மண், வெறும் மண். மடியில் கிடந்த குட்டியின் நுரை தள்ளும் வாயைப் பார்த்தாள்.

"எந்திரிங்க எல்லாரும்!" என்று கத்தினாள். "பிள்ளைகளை முதுகுல ஏத்துங்க!"

பேச்சி புல் நிழலாகப் பார்த்து முன்னால் ஓடினாள். நண்டுகள் பக்கவாட்டில் நடந்து பின்னால் வந்தன. குட்டிகள் வழியெல்லாம் முனகின. ஒரு வழியாக ஓடைச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி நண்டுகள் தொபுக் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தன! ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

மறுநாள் பேச்சி ஓடைக்கரை மருத மரத்தில் ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். நண்டுகள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தன. வானத்தை அண்ணாந்து பார்த்தன. மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பொந்தைத் தேடிப் போகத் திரும்பினாள்.

"மதினி!"

கீழே வளையம்மா நின்றாள்.

"வடக்கே போனா யோகம்னு எழுதியிருந்தாலே நாங்க வந்திருப்போம். உங்க மானமும் போயிருக்காது. ஏன் எல்லாத்தையும் போட்டு உடைச்சீங்க?"

"அடுத்த தடவை நான் தப்பா எழுதிட்டா, உன் பிள்ளைகளை நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்றாள் பேச்சி.

வளையம்மாவுக்குக் கண் கலங்கியது. கொடுக்கால் துடைத்துக்கொண்டாள்.

"பலன் வேண்டாம். இறங்கி வாங்க மதினி, சும்மா பேசிக்கிட்டு இருப்போம்!"

பேச்சி விறுவிறுவென்று இறங்கி ஓடினாள்.

பிரியமானவர்களுக்கு இனிப்பாகப் பொய் சொல்வதைவிட, நம் பெயர் கெட்டாலும் உள்ளதைச் சொல்வதே உண்மையான அன்பு.