மீட்டரின் இரண்டு முனைகள்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஆசான் ஒருவர் இருந்தார். சிலம்ப ஆசான் இல்லை. கம்பைக் கையில் கொடுத்தால் தன் காலிலேயே போட்டுக்கொள்வார். அவர் வேலை, வேப் கருவிகளைச் சோதிப்பது. சிகரெட்டை விட்டுத் தொலைக்க நினைக்கிறவர்கள் வாயில் வைத்து ஆவி இழுக்கிறார்களே, அந்தக் கருவிதான்.

பெயர் ஹேமாவதி. வயது முப்பத்தொன்று. கீழே டயர் மாற்றுகிறவர்கள் கிண்டலுக்கு ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல் எப்போது மரியாதையாக மாறியது என்று அவர்களுக்கே தெரியாது.

அவர் கருவி விற்கவில்லை. சிகரெட் பிடித்ததில்லை, ஆவியும் இழுத்ததில்லை. இழுக்கிற வேலையை மேசைமேல் இருக்கும் ஒரு சின்ன பம்பு பார்த்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று அவர் அளந்து பார்ப்பார். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. அவர் வாயிலிருந்து வார்த்தை வராமல் அந்த வட்டாரத்துக் கடைக்காரர் எவரும் புதுக் கருவியை அலமாரியில் ஏற்ற மாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சோதித்தவர்தான் முடிவைச் சொல்ல வேண்டும். கருவியைச் செய்தவரை நேரில் வரவழைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்கிற பேச்சே கிடையாது.

அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் குழந்தைவேலு மாடி ஏறி வந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓட்டைக் கையுறையைக் கண்டுபிடித்து ஒதுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல கையுறையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது.

"இந்த வேலையை எனக்குக் கத்துக் கொடுங்க, ஆசான்."

"எதுக்கு அங்கிள்?"

"வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். முகத்திலேயே தெரிந்தது. ஆசான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உண்மை இதுதான். அவருடைய ஒரே மகன் நிமலன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு கூட்டாளிகளோடு பக்கத்து ஊரான ஷா ஆலமில் அறை எடுத்து, வேப் கருவி செய்யக் கிளம்பினான். "புகை விக்கிற பிள்ளை எனக்கு வேணாம்" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. மகன் சிகரெட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பையைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. தீபாவளிக்குக்கூட அம்மாவுக்குத்தான் போன் வரும்.

என்றைக்காவது அவன் கருவி இந்த மேசைக்கு வரத்தானே வேண்டும். அன்றைக்குத் தன் கையாலேயே அதை ஒதுக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெற்ற மனுஷனுக்கு இப்படியும் ஓர் ஆசை.

வந்த புதிதில் ஒருநாள் குழந்தைவேலு கேட்டார்.

"ஆசான், ஒரு பொருள் பொய் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஆசான் மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்தார். அதிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கின, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டின் முனையையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கிவிட்டார்.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று குழந்தைவேலு நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மட்டுமில்லை. மீட்டரை எடுக்கும்போதெல்லாம் ஆசான் அப்படித்தான் செய்தார். சாமி கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று குழந்தைவேலு முடிவு கட்டினார். லோரிக்காரர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. சின்னப் பெண்ணிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சின்னக் கருவி, உள்ளங்கையில் அடங்கிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கானது என்று பெட்டியில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, புகைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் இருந்தது.

அனுப்பியவர் பெயரை ஆசான் வாய்விட்டுப் படித்தார். நிமலன் த/பெ குழந்தைவேலு.

நிமிர்ந்து பார்த்தார். குழந்தைவேலு சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"இதை நான் பார்க்கட்டுமா, ஆசான்?"

"தனியாவா?"

"தனியா."

"சரி. சாயங்காலம் பையனை வரச் சொல்றேன். முடிவை நீங்கதான் சொல்லணும், தெரியும்ல?"

"தெரியும்."

குழந்தைவேலு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் காயில். கருவிக்குள் சூடாகி ஆவி கிளப்புகிற சின்னக் கம்பிச்சுருள் அது. அதன் மின்தடை சரியாக இருந்தால்தான் சூடு சரியாக இருக்கும். தப்பினால் தொண்டை எரியும். புதிதாகத் தொடங்குகிறவன் முதல் இழுப்பிலேயே பயந்துபோய்ப் பழைய சிகரெட்டுக்கே திரும்பிவிடுவான். அந்த ஒன்றில் தப்பினால் மற்றது எதையும் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டியில் பாயிண்ட் எட்டு ஓம் என்று இருந்தது. கம்பிகளை வைத்தார். மீட்டர் ஒன்று என்றது.

அடுத்த காயில். ஒன்று. அதற்கடுத்தது. அதுவும் ஒன்று.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் அந்த மேசையில் உட்கார்ந்தும் அப்படியொரு சிரிப்பை ஆசான் பார்த்ததில்லை.

"தப்பு, ஆசான். மூணுமே தப்பு. பெட்டியில ஒண்ணு போட்டு உள்ள ஒண்ணு வச்சிருக்கான். நான் அப்பவே நினைச்சேன்."

"எப்ப நினைச்சீங்க?"

"அது... பெட்டியைப் பார்த்தப்பவே."

"அப்ப ஒதுக்கிடலாமா?"

"ஒதுக்கித்தான் ஆகணும்."

"பாவம், கையில இருந்த காசு எல்லாத்தையும் இதுல போட்டிருப்பாங்க. ஒதுக்கினா தொழிலையே மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

குழந்தைவேலு கருவியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் "நாம என்ன செய்ய முடியும்? மீட்டர் சொல்லுது" என்றார்.

ஆசான் அலமாரியிலிருந்து வேறொரு கருவியை எடுத்து வந்தார். போன வாரம் அவரே அளந்து, சரி என்று சொல்லி, கடைகளுக்குப் போய்விட்ட கருவி.

"இதையும் ஒரு தடவை பாருங்களேன். பாயிண்ட் ஆறு."

குழந்தைவேலு கம்பிகளை வைத்தார். பாயிண்ட் எட்டு என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தார். பாயிண்ட் எட்டு.

"ஆசான், இது நீங்க சரின்னு சொன்னதாச்சே."

"ஆமா."

"அப்ப நீங்க..."

"என்னையும் ஒதுக்கிடலாமா, அங்கிள்?"

குழந்தைவேலு திருதிருவென்று விழித்தார். ஆசான் அவர் கையிலிருந்த இரண்டு கம்பிகளையும் வாங்கி, நடுவில் எதுவும் வைக்காமல், முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தார். மீட்டர் பாயிண்ட் இரண்டு என்று காட்டியது.

"இப்ப எதை அளக்கறோம்?"

"எதையும் இல்ல. சும்மா ரெண்டு கம்பி."

"எதையும் அளக்கலைன்னா எண் எங்கேருந்து வந்துச்சு?"

குழந்தைவேலு மீட்டரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

"கம்பியிலேருந்தா?"

"நம்ம கம்பிக்கும் தடை இருக்கு, அங்கிள். எதை அளந்தாலும் அதுவும் கூடவே ஏறிக்கும். அது எவ்வளவுன்னு முதல்ல பார்த்துக் கழிச்சுடணும். நான் தினமும் செய்யறதைப் பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தேன்." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "சாமி கும்பிடறீங்கன்னு நினைச்சேன்."

ஆசான் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். கீழே டயர்க் கடையில் ஒருவர் தலையை நீட்டி மேலே பார்த்தார்.

"நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் சிரிப்பு அடங்கியதும். "கோப்பி போடறேன். நீங்க முதல்லேருந்து ஆரம்பிங்க."

குழந்தைவேலு முனைகளைச் சேர்த்துப் பார்த்தார், அளந்தார், கழித்தார். பாயிண்ட் எட்டு. பாயிண்ட் எட்டு. பாயிண்ட் எட்டு. பெட்டியில் போட்டிருந்ததில் இம்மியும் பிசகவில்லை.

பம்பை மாட்டினார். முதல் இழுப்பில் இருந்த சூடுதான் பேட்டரி தீரும் வரைக்கும் இருந்தது. பெரிய பெரிய கருவிகளே பேட்டரி பாதியானதும் சோர்ந்துவிடும், இது கடைசிவரை முகம் கோணவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு கசிவு இல்லை. மறுபடி போட்டார், கொஞ்சம் வேகமாகவே. அப்போதும் இல்லை.

"திருட்டுப்பய, என்னமா செஞ்சிருக்கான்" என்றார். வாய் தவறி வந்த வார்த்தை. ஆசான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு குறையும் அகப்பட்டது. திரவம் ஊற்றுகிற மூடி இறுக்கமாக இருந்தது, திறப்பதற்குள் விரலெல்லாம் பிசுபிசுத்துப் போனது.

"இதையும் சொல்லணும்."

"கட்டாயம் சொல்லணும். பம்பு எல்லாத்தையும் சொல்லிடாது, அங்கிள். நீங்கதான் சிகரெட் பிடிக்கிறீங்களே, ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க."

குழந்தைவேலு கருவியை வாயில் வைத்தார். இழுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

நாற்பது வருஷமாக அவர் சிகரெட்டை ஒரே மாதிரிதான் இழுப்பார். உதட்டில் இறுக்கிக் கடித்து, சிறுகச் சிறுக. மற்றவர்களுக்கு அப்படி இழுத்தால் மூச்சு முட்டும். இந்தக் கருவி அந்த இறுக்கத்திலேயே காற்றை விட்டது, கொஞ்சம்கூட முரண்டு பிடிக்கவில்லை.

"பட்டன் எங்க இருக்கு?" என்று ஆசான் கேட்டார்.

"இல்ல. இழுத்தா அதுவா வேலை செய்யுது."

"பேட்டரி தீர்ந்தா விளக்கு எரியுமா?"

"விளக்கும் இல்ல. கையில அதிருது."

"புதுசா தொடங்கறவங்க கருவியில சின்னதா ஒரு பட்டனும் விளக்கும் எல்லாரும் வைப்பாங்க. இவன் ஏன் வைக்கலையோ."

குழந்தைவேலு தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். கையுறை வார்க்கும் சூடான அச்சில் பட்டு வெந்துபோன விரல். அன்றிலிருந்து அதன் நுனியில் உணர்ச்சி இல்லை. சின்னப் பட்டன் எதையும் அதனால் அழுத்த முடியாது, மகன் வீட்டில் இருந்தவரை டிவி ரிமோட்டைக்கூட அவன்தான் அழுத்திக் கொடுப்பான். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சின்ன விளக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் மகனுக்குத் தெரியும்.

அவர் கருவியை மேசையில் வைக்கவில்லை. கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

மழை விட்டிருந்தது. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"பையன் வந்துட்டான் போல" என்றார் ஆசான். "முடிவு என்ன, அங்கிள்?"

"மூடி இறுக்கம். மத்தபடி..." குழந்தைவேலு கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "மத்தபடி ரொம்ப நல்லா இருக்கு."

"அதைப் போய்ச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லிடுங்க, ஆசான்."

"சோதிச்சவங்கதான் சொல்லணும்."

"ஒதுக்கணும்னா இந்நேரம் கீழ இறங்கியிருப்பேன். நல்லா இருக்குன்னு சொல்ல எனக்குக் கால் வர மாட்டேங்குது." அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. "கம்பிக்குப் பாயிண்ட் ரெண்டுன்னு தெரிஞ்சுது, கழிச்சேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எதைக் கழிக்கிறது?"

ஆசான் மீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கம்பிகள் மேசையின் இரண்டு ஓரங்களில் கிடந்தன.

"இப்ப என்ன காட்டுது?"

குழந்தைவேலு குனிந்து பார்த்தார்.

"எண்ணே இல்ல. அளக்க முடியாதுன்னு காட்டுது."

"முனை ரெண்டும் தொடாம கிடந்தா, எத்தனை வருஷம் ஆனாலும் அப்படித்தான் காட்டும், அங்கிள். பையன் கீழ நிக்கிறான். போங்க."